புக்கிட் ரம்பாயில் பூட்டிக் கிடந்த பஸ்

குரல் வாங்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் எந்தச் சுங்க அதிகாரிக்குத்தான் புரியும்? என் பெட்டியிலிருந்து ஒலிவாங்கியின் ரோம உறையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மலாய்ப் பெண்மணி என்னைப் பார்த்தார். செத்த பூனை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. காற்றின் இரைச்சலைத் தடுக்கிற உறை என்று விளக்கினேன். பக்கத்து மேசைக்காரரிடம் அவர் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்து என்னை விட்டுவிட்டார்கள். அந்தப் பயணத்தில் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அதுவாக இருக்கும் என்று அப்போது தெரியாது.

கோயம்புத்தூரில் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கேமில் வருகிறவர்கள் பேசுகிற தமிழை எழுதுவதும், அதைப் பேச ஆள் பிடிப்பதும் என் வேலை. எங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது ஒரு பஸ் கேம். மலேசியாவில், மலாக்காவின் தொழிற்சாலைப் பஸ் ஒன்றை ஓட்ட வேண்டும். விடியலில் வீடு வீடாக வேலையாட்களை ஏற்றி, மழையில் நெளிந்து வளைந்து, சங்கு ஊதுவதற்குள் வாசலில் இறக்க வேண்டும். எங்கள் முதலாளி அங்கே அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அப்படி ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனாராம். ஊர் திரும்பியதும் வேறு பேச்சே இல்லை.

டிரைவர் குரலுக்குக் கோயம்புத்தூர் நடிகர் ஒருவரைத்தான் முதலில் பேச வைத்தோம். மலேசியத் தமிழ் என்று அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'லா' போட்டதை என்னாலேயே கேட்க முடியவில்லை. அதனால் நேரே மலாக்காவுக்கு வந்து, புக்கிட் ரம்பாயில் நிஜமாகவே தொழிற்சாலைப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த குணசேகரனைப் பிடித்தேன். நான் எழுதிக் கொடுத்த வசனத்தை ஓரமாக வைத்துவிட்டு மனிதர் தன் போக்கில் பேசினார். வேகமாக ஓட்டினால், "டேய், உள்ள இருக்கிறது மூட்டை இல்லடா, மனுசங்க" என்று ஏசுவார். மழை வந்தால் மூக்கால் ஒரு ராகம் இழுப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும், "ஏறுங்க, ஏறுங்க, எடம் இருக்கு" என்பார். கேமை வாங்கியவர்கள் பஸ்ஸை மறந்தாலும் அந்தக் குரலை மறக்கவில்லை.

குணசேகரன் போன வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய தோழர் தனபாலன்தான் போன் செய்து சொன்னார். இப்போது கேமின் இரண்டாம் பாகம் வருகிறது. இந்த முறை பஸ்ஸில் ஏறுகிற பயணிகளும் பேசுவார்கள். அவர்களின் குரல்களைக் குணசேகரனின் ஊர் ஆட்களிடமிருந்தே வாங்கி வர என்னை அனுப்பினார்கள். "அப்படியே திதிக்கும் இருந்துட்டுப் போங்க மல்லிகா அக்கா" என்று தனபாலன் சொல்லியிருந்தார்.

தனபாலனும் தொழிற்சாலைப் பஸ் ஓட்டுகிறவர்தான். ஆனால் என்னை அழைத்துப் போக வந்தது அவருடைய கார். அதற்கு அவரைவிட வயது கூட இருக்கும் என்று தோன்றியது. பாதி வழியில் பேய் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் இரண்டு முறை துடைத்துவிட்டு மூன்றாம் முறை கழன்று சாலையோரச் சாக்கடைக்குள் போய் விழுந்தது. தனபாலன் அலட்டிக்கொள்ளவில்லை. ஓரமாக நிறுத்தி, ஒரு பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, காரமான சம்பால்.

"மழ நிக்கிற வரைக்கும் பசியாறுங்கக்கா. பறக்கிறதுக்கு நம்ம என்ன ப்ளேனா?"

நம் ஊரில் பசியாறினீர்களா என்று யாரும் கேட்டு நாளாகிவிட்டது. இங்கே காலையில் பார்க்கிறவர்களெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். மழை நிற்கும்வரை சாப்பிட்டோம். பேச்சு கேமின் பக்கம் வந்ததும் மட்டும் தனபாலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலாக்கா நகரை ஒட்டிய ஆயர் குரோவில் தங்கினேன். பல்கலைக்கழகம், தொழிற்பேட்டை, அகலமான சாலைகள் எல்லாம் இருந்தும், நடப்பதற்கு ஒரு முழம் இடம் இல்லை. காலையில் இட்லி தேடி நடந்தவளைப் பார்த்து இரண்டு கார்கள் நின்றன. ஒரு சீனப் பெரியவர், வண்டி கெட்டுப்போய்விட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நடக்கிறேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் நடக்கிறவர்களுக்கு இடையே கார்தான் வழி கேட்கும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

புக்கிட் ரம்பாயில் குணசேகரனின் வீடு ஒரு நீண்ட வரிசையின் நடுவில் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தாமான் என்று சொல்லும் குடியிருப்புப் பகுதிகள் எல்லாமே இப்படித்தான். ஆனால் இந்த வரிசையில் இருப்பவர்கள் ஒரே ரப்பர் தோட்டத்திலிருந்து ஒன்றாக வந்தவர்கள். தோட்டம் விற்கப்பட்டபோது பேசிவைத்து அடுத்தடுத்து வீடு வாங்கினார்களாம். பழைய பழக்கம் ஒன்றை மட்டும் விடவில்லை. தமிழ்ப் பேப்பரை ஒரு வீட்டில்தான் வாங்குவார்கள். காலையில் முதல் வீட்டில் பிரிக்கிற பேப்பர் மாலைக்குள் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மாவு அரைக்கிற இயந்திரம் ஒரு வீட்டில், ஏணி ஒரு வீட்டில். ஒரு வீட்டில் வாங்கினால் வரிசைக்கே வாங்கிய மாதிரி.

குணசேகரனின் மனைவி பரமேஸ்வரி தொழிற்சாலைச் சீருடையோடு வாசலில் நின்றார். இரவு ஷிப்டை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"வாங்கக்கா. எளச்சிட்டீங்க."

எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அன்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் என்னை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார். ஹாலில் குணசேகரனின் படம். படத்துக்குக் கீழே மேசையில் அவருடைய கணினி. தேநீர் கொடுத்துவிட்டு பரமேஸ்வரி அதைப் போட்டார்.

எங்கள் கேமின் பஸ் படம் வந்தது. மழைச் சத்தம் வந்தது. பிறகு திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் ஒரு வாசகம் நின்றது: இந்தப் பிரதி முறைகேடாகப் பகிரப்பட்டது. திருட்டுப் பிரதிகளைப் பயன்படுத்துவது குற்றம்.

"இதான்கா. ஒரு வருசமா இதான்" என்றார் பரமேஸ்வரி.

அலுவலகத்தில் அதை 'பூட்டு' என்போம். வெளியூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து வாடகைக்கு எடுத்தது. கேமைத் திறக்கும்போதெல்லாம் அது இணையத்தில் எங்கள் சர்வரைக் கேட்கும். ஒரு பிரதியைச் சில கணினிகளில் மட்டுமே ஏற்றலாம். அதற்கு மேல் போனால் அத்தனையையும் அடைத்துவிடும். அந்த வாசகமும் பூட்டோடு வந்ததுதான்.

நடந்ததை பரமேஸ்வரி சொன்னார். கேம் வெளிவந்த அன்றே குணசேகரன் தன் சம்பளத்தில் ஒரு பிரதி வாங்கினார். நாங்கள் இலவசமாகத் தர முன்வந்தபோது, "நம்ம கேமு, காசு குடுத்துதான் வாங்கணும்" என்று சொல்லி மறுத்துவிட்டார். வாங்கியதை, பேப்பரைப் போல, ஏணியைப் போல, வரிசையில் கணினி இருந்த வீடுகளிலெல்லாம் ஏற்றிக் கொடுத்தார். அதில் தப்பு இருக்கும் என்று அந்த வரிசையில் யாருக்கும் தோன்றவில்லை. அவர் இறந்த கொஞ்ச நாளில் இடி இறங்கி அவருடைய கணினியின் போர்டு எரிந்துபோனது. புதுப் போர்டு மாட்டினார்கள். பூட்டு அதை இன்னொரு புதுக் கணினி என்று எடுத்துக்கொண்டது. அளவு தாண்டிவிட்டது. ஒரே நாளில் வரிசை முழுக்க அந்த வெள்ளை எழுத்து வந்து நின்றது.

"போன்ல அவரு வாய்ஸ் இருக்குக்கா. எல்லாம் 'வர்றேன்', 'லேட்டாவும்', 'ரொட்டி வாங்கணுமா', அவ்ளோதான். இதுலதான் ஏசுவாரு, பாடுவாரு. வேலை விட்டு வந்து கொஞ்ச நேரம் அந்த பஸ்ஸ ஓட்டுவேன். எனக்கு ஓட்டவே தெரியாது, வேணும்னே எங்கயாச்சும் இடிப்பேன், அவரு கத்துவாரு. யூடியூப்ல பாரும்பாங்க. பாத்தேன். அவரு கொரலுக்கு மேல எவனோ ஒருத்தன் கத்திக்கிட்டே வெளயாடறான்."

திதி அன்று படையலில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டல், கருவாடு, பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணி. அந்தத் தேத்தண்ணிப் பையை அவர் எப்போதும் பஸ்ஸில் ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். அவற்றோடு இந்தக் கேமையும் ஓட விட வேண்டும், வரிசை முழுவதும் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்க வேண்டும் என்பது பரமேஸ்வரியின் ஆசை. நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்திருக்கிறார். இயந்திரம் பதில் போட்டிருக்கிறது, அதே வாசகத்தை.

எனக்குக் கூச்சமாக இருந்தது. கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவர் பேசிய மூல ஒலிப்பதிவுகள் என்னிடம் இருக்கின்றன, யாருக்கும் தெரியாமல் தந்துவிடுகிறேன் என்றேன்.

பரமேஸ்வரி கணினியை அணைத்தார்.

"யாருக்கும் தெரியாமயாக்கா? ஏற்கனவே எங்கள திருடன்னுதான ஸ்கிரீன்ல போட்டிருக்கு. இதையும் திருட்டுத்தனமா வாங்கணுமா?"

அன்று மதியம் தனபாலன் எனக்கு செண்டோல் வாங்கித் தந்தார். பனிக்கட்டித் துருவலில் தேங்காய்ப்பாலும், இங்கே பெயர்போன கறுப்பு வெல்லப் பாகும். நல்ல வெயிலுக்கு அமிர்தம் என்பார்கள். பாதியிலேயே வைத்துவிட்டேன்.

பூட்டு கெட்டது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதன் கதை எனக்குத் தெரியும். எங்களுடைய முதல் கேமுக்குப் பூட்டே கிடையாது. வெளிவந்த அன்று மாலையே இலவசமாக ஊரெல்லாம் ஓடியது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வேலை போய், அட்டைப் பெட்டியில் சாமான்களை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். பஸ் கேமுக்குப் பூட்டுப் போட்டபோது நானும் மறுத்துப் பேசவில்லை. பூட்டு வந்ததும் விளையாடுகிறவர்கள் பொங்கினார்கள். இணையத்தில் ஒற்றை நட்சத்திர மதிப்பெண்களாக வந்து குவிந்தன. கேம் திக்குகிறது என்றார்கள், இணையம் இல்லாவிட்டால் திறக்கவில்லை என்றார்கள், வாங்கிய பொருளுக்கு வாடகைக்காரனாக இருக்க முடியாது என்றார்கள். முதலாளி அசையவில்லை.

"கத்தறவங்க ஒரு வாரம் கத்துவாங்க. அப்புறம் அடுத்த கேமுக்குப் போயிருவாங்க" என்றார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது.

மறுநாள் தாமான் மண்டபத்தில் ஒலிப்பதிவு வைத்திருந்தேன். யாரும் வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். வந்தார்கள். வரிசையே திரண்டு வந்தது. தலை வாரி, பூ வைத்து, சொன்ன நேரத்துக்கு. ஒருவர் கறிபாப் கொண்டு வந்திருந்தார், உள்ளே உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்தது. இன்னொருவர் பெரிய கூஜாவில் தேத்தண்ணி. என் குடும்பத்தை விசாரித்தார்கள், கோயம்புத்தூர் வெயிலை விசாரித்தார்கள். எனக்கு நெஞ்சு லேசானது.

முதலில் தனபாலனின் மனைவி கலைவாணி வந்து ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார். தொழிற்சாலைக்குத் தாமதமாக ஓடிவரும் பெண்ணின் வசனம் அவருக்கு. பதிவைத் தொடங்கி, கையால் சைகை காட்டினேன்.

கலைவாணி பேசவில்லை.

கூச்சமாக இருக்கும் என்று, "சும்மா பேசுங்க, தப்பு வந்தா திரும்ப எடுக்கலாம்" என்றேன். அவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "தேங்க்ஸ்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தவர் வந்தார். உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. அவரும் எழுந்து போனார். அதற்கடுத்தவர். பள்ளி ஆசிரியை ஒருவர், கடை வைத்திருப்பவர் ஒருவர், ஓய்வு பெற்ற பாதுகாவலர் ஒருவர். முறைப்படி வந்தார்கள், முறைப்படி உட்கார்ந்தார்கள். மேலே மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. யாரோ இருமினார்கள். பரமேஸ்வரி மட்டும் வரவில்லை.

பதிவை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் தனபாலன் வந்தார். அவரும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, பதிவு முடிந்த பிறகு சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. வர்றோம்னு உங்ககிட்ட சொல்லிட்டோம். வராம இருந்தா மரியாத இல்ல. ஆனா கொரலு குடுக்க முடியாது. ஒரு கொரல வாங்கிட்டுப் போயி பூட்டிட்டீங்க. மிச்சத்தயும் குடுத்தா அதயும் பூட்டுவீங்க."

"பூட்டு நான் போட்டதில்ல, தனபாலன்."

"தெரியும்லா. அதான் கறிபாப் குடுத்தோம்."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. மீந்த கறிபாப்பைக் கட்டி என் கையில் கொடுத்தார்கள்.

எனக்கும் வீம்பு உண்டு. இவர்கள் இல்லாவிட்டால் வேறு ஆள் கிடைக்கமாட்டார்களா என்று அடுத்த நாள் வாடகைக் கார் பிடித்து, ஜொகூர் எல்லைப் பக்கம் இருக்கிற சுங்கை ரம்பாய்க்குப் போனேன். வழியில் டயர் வெடித்தது. ஓட்டுநர் மாற்று டயரை எடுத்தார். அதிலும் காற்று இல்லை. செம்பனைத் தோப்பு ஓரத்தில், கொசுவுக்கு என்னைத் தின்னக் கொடுத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். கடைசியில் ஒரு காய்கறி லாரியில், வெள்ளரிக்காய் மூட்டைகளோடு போய் இறங்கினேன்.

சந்தையடியில் தோசைக்கடை வைத்திருந்த ஓர் அம்மாவின் குரல் எனக்கு அப்படியே பிடித்துப்போனது. வெண்கலக் குரல். தோசையும் அருமை, ஓரம் முறுகலாக, கூடவே மீன் குழம்பு. விஷயத்தைச் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"புக்கிட் ரம்பாய் குணா பேசுன கேமாம்மா?"

"அவரைத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதும்மா. என் தங்கச்சி மகளுக்கு அந்த கிலாங்குல, அதான் தொழிற்சாலைல வேல, அவரு பஸ்லதான் போவா. நேத்தே சொன்னா. பேசுறதுன்னா நமக்கு ஆசதான். ஆனா அங்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, நான் எப்படிம்மா பேசுறது? இன்னொரு தோச வைக்கட்டுமா?"

வைக்கச் சொன்னேன். வேறென்ன செய்வது?

மாலையில் அறைக்குத் திரும்பி முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். குணசேகரன் இறந்தபோது வீட்டுக்குப் பணம் அனுப்பச் சொன்னவர்.

"ஏனுங்க மல்லிகா, அந்தம்மா மிஷினுக்கு மட்டும் பூட்ட எடுத்துவிட்டா ஆச்சுங்களா? இன்னிக்கே பண்ணச் சொல்றேன். அவங்க பாவம். நாளைக்கு நீங்க பதிவ முடிச்சுட்டு வாங்க."

"வரிசையில மத்த வீடுங்க சார்?"

"அவங்க வாங்கலீங்களே. ஒருத்தர் வாங்கி ஊரே வெளையாடுனா நம்ம எங்கீங்க போறது?"

நியாயம்தான். இருந்தாலும் மனசு குளிர்ந்துபோய், திதி அன்று காலையிலேயே புக்கிட் ரம்பாய்க்கு ஓடினேன். வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. சமையல் மணம் தெருவரை வந்தது. பரமேஸ்வரி அடுப்படியில் இருந்தார். தனியாக அழைத்துச் செய்தியைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாருக்குமாக்கா?"

"இல்ல பரமு. உங்க வீட்டுக்கு மட்டும்."

அவர் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். வரிசைக்காரர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கலைவாணி இலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவங்க திருடங்க, நான் மட்டும் நல்லவளா?"

"அப்படி இல்ல…"

"அவரு குடுத்ததுக்கா. அவரு கையால ஒவ்வொரு வீடா போயி ஏத்திக் குடுத்தாரு. எனக்கு மட்டும் தெறந்தா, அவரு குடுத்தது திருட்டுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. கேக்கணும்னு எனக்கு எவ்ளோ ஆச தெரியுமா? தெனம் கேக்கணும். ஆனா இப்டி வேண்டாம்கா. உங்க பாஸ்கிட்ட சொல்லிருங்க."

கண்ணீர் வந்ததைத் துடைக்காமல் திரும்பவும் கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறினார்.

படையல் வைத்தார்கள். படத்துக்கு முன் இலை, இலையில் ஆட்டிறைச்சியும் கருவாடும், பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்ட தேத்தண்ணிப் பை. கற்பூரம் காட்டப் போகும்போது பரமேஸ்வரி கணினியைப் போட்டார். வேண்டாம் என்று முதலாளிக்குச் செய்தி அனுப்பியிருந்தேன், அதற்குள் கோயம்புத்தூரில் பூட்டை எடுத்திருப்பார்களோ என்று திரையையே பார்த்தேன். எடுக்கவில்லை. பஸ் வந்தது, மழை வந்தது, வெள்ளை எழுத்து வந்தது.

"நல்ல நாளும் அதுவுமா அத அணச்சிரும்மா" என்றார் ஒரு பெரியவர்.

"இருக்கட்டும் சித்தப்பா. அவரு பாக்கட்டும். தன்ன என்னன்னு எழுதியிருக்காங்கன்னு பாக்கட்டும்."

கற்பூரம் எரிந்து அடங்கியது. நானும் விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோது அந்த வாசகம்தான் கண்ணில் பட்டது. அத்தனை பேர் நடுவில், அந்த நிறுவனத்தின் ஆள் என்று உட்கார்ந்து சாப்பிட்டேனே, அதை மறக்கமாட்டேன். அவர்களோ எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள்.

அன்று மாலை, மண்டபத்தில் எடுத்த பதிவுகளை அப்படியே முதலாளிக்கு அனுப்பிவைத்தேன். கலைவாணி, ஆசிரியை, கடைக்காரர், தனபாலன் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு. குறிப்பு எதுவும் எழுதவில்லை. விமான நிலையத்துக்குத் தனபாலன் கொண்டுவந்து விட்டார். புது வைப்பர் மாட்டியிருந்தார். அன்று மழையே பெய்யவில்லை.

கோயம்புத்தூரில் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் கூட்ட அறையில் இருந்தார்கள். முதலாளி ஒலிபெருக்கியில் என் பதிவுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறி. மோட்டார் சைக்கிள். இருமல். ஒன்று முடிந்ததும் அடுத்தது. கணக்குப் பார்க்கிறவர், இதில் என்ன கேட்கிறோம் என்று என் காதில் கேட்டார். முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை.

"இத வச்சு பஸ் ஓட்ட முடியுங்களா?" என்று கடைசியில் கேட்டார்.

கொஞ்ச நாளில் பூட்டு எடுக்கப்பட்டது. எல்லோருக்கும். 'விளையாடுவோரின் வேண்டுகோளுக்குச் செவிசாய்த்து' என்று அறிவிப்புப் போட்டார்கள். இணையத்தில் ஒரே கொண்டாட்டம். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று எழுதினார்கள். கணக்கர் வேறு சொல்கிறார்: விற்பனை ஓய்ந்துவிட்டது, பூட்டின் வாடகையைப் புதுப்பிக்கிற நேரம் வந்தது, அதான் காரணமாம். இருக்கலாம். பூட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் கழல்கின்றன, சத்தமில்லாமல், சம்பாதித்து முடித்த பிறகு. இரண்டாம் பாகத்துக்குப் பூட்டு உண்டா என்று கேட்டால் முதலாளி இன்னும் வாயைத் திறக்கவில்லை. மக்கள் கோபப்பட்டால் பூட்டு இறங்குமா என்று யாராவது என்னைக் கேட்டால், கோபம் எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்தது என்பேன். நட்சத்திரம் எங்களுக்கு வலிக்கவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தது வலித்தது. எனக்காவது வலித்தது.

பூட்டு எடுத்த செய்தியைப் பரமேஸ்வரிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஷிப்டில் இருப்பார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மாலை, காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஓர் ஒலிச் செய்தி வந்தது. வாசலில் நின்று பிடித்திருக்கிறார். தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. பிறகு ஒரு வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல். அது முடிவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அதே குரல், அதற்குப் பின்னால் இன்னொரு வீட்டிலிருந்து, முன்னும் பின்னுமாக, வரிசை நெடுக.

"ஏறுங்க, ஏறுங்க, எடம் இருக்கு."